பத்துக்குப் பத்து

'டம்' என்று ஒரு சத்தம்.

வெடியும் இல்லை, இடியும் இல்லை. கடைக்குள்ளே நின்ற ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று திடீரென்று தொண்டையைச் செருமியது. அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவளுக்கு அது நேராக நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. நனைந்த குடை ஒரு பக்கம் போயிற்று. கையிலிருந்த அட்டைப் பெட்டி இன்னொரு பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்க அவள் குனிவதற்குள், ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வந்த ஒருவன் தரைக்கு ஒரு சாண் மேலே அதைத் தாங்கிவிட்டான்.

இரண்டு பேரும் மண்டியிட்டபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவன் தலையில் ஒட்டடை. உதட்டோரம் கடித்துப் பிடித்த ஒரு திருகாணி. கண்கள் மட்டும்... வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் இப்போதுதான் கழுவி எடுத்தது மாதிரி...

அவன் திருகாணியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்க மேடம். வயரைச் சொருகறதுக்கு முன்னாடி சத்தத்தைக் குறைக்க மறந்துட்டேன்."

"நூத்திப் பத்து இருக்கும்."

"எது?"

"சத்தம். நூத்திப் பத்து டெசிபல். தினம் நாலு தடவை இப்படி மறந்தீங்கன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க 'மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்றது உங்களுக்கே கேக்காது."

"காது டாக்டரா நீங்க?"

"டாக்டர் இல்ல. காது டெஸ்ட் எடுக்கறவ."

அது உண்மை. இரண்டு தெரு தள்ளியிருந்த காது பரிசோதனை நிலையத்தில் ஏழு வருடமாக அவளுக்கு வேலை. ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். கேட்காவிட்டாலும் தூக்குவார்கள். மனிதர்கள் அப்படி. அவள் முழங்கை அசைவதைப் பார்த்து, புருவம் ஏறுவதைப் பார்த்து, 'இப்ப அனுப்பிட்டா' என்று கண்டுபிடித்துக் கையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் முகத்தில் எதையுமே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'கல்லு' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கல்லு இப்போது எழுந்து நின்று, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"இதைத் திருப்பிக் கொடுக்கணும். பத்து நாளைக்கு முன்னாடி எங்கப்பா வாங்கினது."

அவன் அட்டைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே செங்கல் அளவில் கறுப்பாக ஒரு கன்வெர்ட்டர். பஞ்சு மாதிரி பத்திரமாக எடுத்து மேஜையில் வைத்தான்.

"ரிப்பேரா?"

"இல்ல."

"பின்ன?"

"வித்தியாசம் எதுவும் தெரியல. அது இருந்தாலும் பாட்டு அதேதான், இல்லேன்னாலும் அதேதான்."

திருப்பி எடுத்துக்கொள்வதில் அவனுக்குத் தடை ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் வரைக்கும் கடையே வழி வைத்திருந்தது. ஆனால் 'வித்தியாசம் தெரியல' என்ற வார்த்தை இருக்கிறதே... அது அவனைச் சமையல்காரனிடம் 'உப்பு இல்லை' என்று சொன்ன மாதிரி எங்கேயோ தொட்டுவிட்டது.

"மேடம், கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது பாட்டு இல்ல. வெறும் எண்கள். எண்ணைச் சத்தமா மாத்தறதுக்கு ஒருத்தர் வேணும். கம்ப்யூட்டர்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்கார். ஏதோ கடமைக்குன்னு மாத்திக் கொடுப்பார். இந்தப் பெட்டி அப்படி இல்ல... அதை நிதானமா, சுத்தமா செய்யும்."

"ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். அதுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கு. அதுக்கு மேல இது எதுக்கு?"

"சமையல் நல்லாயிருந்தா போதுமா? அரிசியும் நல்லாயிருக்கணும்."

"வெந்ததுக்கப்புறம் எந்த அரிசின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"உங்க காதுக்கா, உங்க கடைக்கா?"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கல்லு ஆயிற்றே... ஆனால் அவன் சிரித்தபோது தலையிலிருந்த ஒட்டடை மூக்கின் மேல் வந்து விழுந்ததைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. அப்பா. எடுத்துக் காதில் வைப்பதற்குள் அவர் குரல் கடை முழுக்கப் பரவிவிட்டது. காது மந்தமானவர்கள் போனில் பேசுவது அப்படித்தான்... ஊரையே கூட்டிக்கொண்டு பேசுவார்கள்.

"பாப்பா... என் பெட்டி எங்க?"

"கடையில இருக்கேன்ப்பா."

"திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனியா?"

"வித்தியாசம் இல்லாத பொருள் எதுக்குப்பா வீட்டுல?"

"வித்தியாசம் உனக்கு இல்ல. எனக்கு இருக்கு. பக்கத்துல யாரு, அந்தப் பெட்டிக்காரத் தம்பியா? அவரைக் கேளு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டிக்காரத் தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'இருக்கு' என்று வாயசைத்தான்.

சரி என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓய்வா இருப்பீங்களா?" என்றாள் அவனிடம். "எங்க வீட்டுக்கு வாங்க. எது ஓடுதுன்னு பார்க்க முடியாம, கேட்டு மட்டும் சொல்லுங்க. பத்து தடவை."

"வர்றேன்." ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னான். பிறகு யோசித்தான். பிறகும் அதையே சொன்னான்.

*

இந்தப் பந்தயத்தில் பெட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

அப்பா முப்பத்தோரு வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். விடுமுறை நாட்களில் கால்பந்து நடுவர். அதாவது முப்பத்தோரு வருடம் வலது காதுக்கு அரை அடி தூரத்தில் விசில். விசில் காதை என்ன செய்யும் என்று மகளுக்குப் படம் போட்டுக் காட்டத் தெரியும். ஆனால் அப்பா அந்த நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்க மாட்டார்.

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல. பாட்டுதான் மங்கிப் போச்சு" என்பார்.

முதலில் பழைய ஸ்பீக்கர் மங்கியது. புது ஸ்பீக்கர் வந்தது. பிறகு அதுவும் மங்கியது. வயர் மாறியது. இப்போது கன்வெர்ட்டர். இதற்கு நடுவில் போன மாதம், பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டே வந்த சைக்கிள் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. முழங்கையில் ஆறு தையல்.

"மணியே அடிக்கல பாப்பா" என்றார் அப்பா.

அடித்தான் என்று தெருவில் ஐந்து பேர் சொன்னார்கள்.

அடுத்த முறை சைக்கிளாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது... ராத்திரி படுத்தால் அவளுக்கு அந்த நினைப்புதான்.

அதனால்தான் கடையிலிருந்து பெட்டியோடு திரும்பியதும் அப்பாவிடம் பேசி முடித்தாள். நடுவராக இருந்தவர் ஆயிற்றே, விதிகளை அவரே சொன்னார்.

"பத்துல எட்டு அந்தத் தம்பி சரியாச் சொல்லிட்டா பெட்டி ஜெயிச்சுது. அதுக்கப்புறம் என் காதைப் பத்தி நீ மூச்சு விடக்கூடாது. எட்டுக்குக் குறைஞ்சா... நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"அவர்கிட்ட இதைச் சொல்லக்கூடாதுப்பா. பாவம் பார்த்துத் தோத்துட்டா அது டெஸ்ட் இல்ல."

"நான் எதுக்குச் சொல்றேன்? நடுவர் ஆட்டக்காரன்கிட்ட பேசுவாரா?"

*

ஞாயிற்றுக்கிழமையும் மழை.

வந்தவன் ஒட்டடை இல்லாமல் வந்திருந்தான். சட்டையில் மடிப்புக்கூட இருந்தது. கையில் ஒரு திருகு விசை... இடப்பக்கம் திருப்பினால் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பாட்டு வரும், வலப்பக்கம் திருப்பினால் பெட்டி வழியாக வரும். யார் வயரைச் சொருகுவது என்பதில்தான் தகராறு.

"நான் சொருகிடறேன் சார். என் தொழில்."

"நீ பெட்டி கட்சி" என்றார் அப்பா.

"அப்ப நான்" என்றாள் அவள்.

"நீ எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க. நான் பார்த்துக்கறேன்."

இருவரும் சமையலறைக்குள் தள்ளப்பட்டார்கள். நிற்க மட்டும்தான் இடம் இருக்கும் சமையலறை. அவள் தேநீர் போட்டாள். அவன் ஜன்னலோரம் ஒட்டி நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்கா?" என்றாள்.

"எதுக்குப் பயம்?"

"டப்பா மூடி பதினோராவது தடவை."

அவன் டப்பாவை வைத்துவிட்டான். "எண்ணிட்டிருந்தீங்களா?"

"காதுல விழுது. என்ன செய்யறது..."

"நீங்க சிரிக்கவே மாட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"எங்க முதலாளி உங்ககிட்டதான் காது டெஸ்ட் எடுத்திருக்கார். பேரு கல்லுன்னு சொன்னார்."

"விசாரிச்சீங்களா?"

"காதுல விழுந்துது. என்ன செய்யறது..."

அவள் சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் பொங்கவில்லை. பொங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"ஆச்சு" என்று கூடத்திலிருந்து அப்பா விசில் ஊதினார். நிஜமாகவே ஊதினார்.

முதலில் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு அளவுமானியை எடுத்து இரண்டு பக்கமும் சத்தம் ஒரே அளவில் வருகிறதா என்று பார்த்தான். ஒரு பக்கம் கொஞ்சம் உரக்க இருந்தால்கூடக் காது அதைத்தான் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிடுமாம். அவளுக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஆச்சரியமா இருக்கே" என்றான். "ரெண்டும் ஒரே அளவு. திருத்தவே வேண்டியதில்ல."

"நான் சொருகினது" என்றார் அப்பா.

ஸ்பீக்கர்களைப் பார்த்து அவன் உட்கார்ந்தான். அவனுக்கு நேர் பின்னால், ஒரு கை தூரத்தில், மேஜையோரம் அவள். கையில் திருகு விசை, மடியில் காலையிலேயே நாணயம் சுண்டிப் போட்டு எழுதி வைத்த வரிசை. சோபாவில் நோட்டும் விசிலுமாக அப்பா.

"பழகறதுக்கு நாலு தடவை எது எதுன்னு சொல்லிட்டுப் போடுங்க" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவளும் நோயாளிகளுக்கு அப்படித்தான் செய்வாள். சொல்லிச் சொல்லி நான்கு முறை போட்டாள். அவன் தலை குனிந்து கேட்டான். நான்காவது முறை முடிந்ததும் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தான். எதையோ கண்டுபிடித்த மாதிரி... அல்லது தொலைத்த மாதிரி. பின்னால் இருந்தவளுக்கு அவன் முகம் தெரியவில்லை.

"ஒண்ணு" என்றார் அப்பா.

அவள் பாட்டை நிறுத்தி, விசையைத் திருப்பி, மறுபடி ஓடவிட்டாள். ஒரு பெண் குரல், மேலே சலங்கை மாதிரி ஏதோ...

"பெட்டி" என்றான்.

சரி.

"ரெண்டு."

"நேர்."

சரி. மூன்று, சரி. நான்காவதற்குப் பாட்டு ஆரம்பித்து ஒற்றைத் தாளம் விழுவதற்குள் சொல்லிவிட்டான். ஐந்தும் ஆறும் சரி. ஒவ்வொரு முறையும் அப்பா சோபாவிலிருந்து, "ஆமா, எனக்கும் அப்படித்தான் கேட்டுது" என்று தலையாட்டினார். ஏழு. அவள் விரல் வியர்த்து விசையில் வழுக்கியது. எட்டு... எட்டும் சரி.

ஒன்பதும் பத்தும் வெறும் சம்பிரதாயம்.

அப்பா எழுந்து நின்று முழு நீள விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

"பத்துக்குப் பத்து. காதுன்னா இது காது. பாப்பா, இனிமே அந்தப் பேச்சே கிடையாது. ஒப்பந்தம்."

அவள் மடியிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு வருடப் பழக்கம்.

*

வாசல் வரைக்கும் வழியனுப்பப் போனது மரியாதைக்காக. மழை கொஞ்சம் விட்டு, கூரை விளிம்பு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாக் கேட்டீங்க" என்றாள்.

அவனிடம் ஜெயித்தவனின் களை இல்லை. செருப்பைத் தேடுவது போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு காலில்தான் இருந்தது.

"உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

"கோபமா?"

கோபம்தான். ஆனால் அவன் மேல் என்ன தப்பு... காது நன்றாக இருப்பது குற்றமா? சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். சொல்லிவிட்டாள். விசிலையும் சைக்கிளையும் தையலையும் எட்டுக்குக் குறைந்தால் வருகிறேன் என்று அப்பா கொடுத்த வாக்கையும்... எல்லாவற்றையும், நோயாளிக்கு அறிக்கை படித்துச் சொல்லும் அதே குரலில்.

அவன் முகம் வெளுத்துப் போயிற்று.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தோத்திருப்பீங்க."

"நான்..." என்று ஆரம்பித்தான். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. "இல்லீங்க... நான் அங்க..."

அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். குடையை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான் என்பது அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது... பெட்டிக்காரத் தம்பி என்றா?

அடுத்த நாலு நாளில் அப்பாவுக்கு மூன்று போன் வந்தது. மூன்றிலும் அப்பாவின் பக்கம் மட்டும் அவளுக்குக் கேட்டது. அதுவே போதுமான சத்தமாக இருந்தது.

"என்ன தம்பி, காதைக் காட்டிக்கணுமா? பத்துக்குப் பத்து வாங்கின காதுக்கு என்னப்பா கேடு?... துணைக்கு நானா? அங்கெல்லாம் நான் வர்றதில்ல... பயமா? டெஸ்ட் எடுக்கறது என் பொண்ணுதான், கடிக்க மாட்டா... சரி சரி, வச்சுடறேன்."

எதற்கு இப்படி வலிய வந்து அழைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அந்தக் குடையை எடுத்து, காய்ந்துதான் இருந்தது, மறுபடி ஒரு முறை துடைத்து வைத்தாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் திடீரென்று உயிரை விட்டது. மின்சார வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மேஜையை முன்னால் இழுத்தாள்.

மின்சார வயர் தளர்ந்துதான் இருந்தது. அதைச் சரியாக அழுத்திவிட்டு எழுந்திருக்கும்போது கண்ணில் பட்டது இன்னொன்று. கம்ப்யூட்டரின் முதுகில், பாட்டு வெளியே வரும் துளையில், பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு அப்பா மாட்டி வைத்த ரப்பர் மூடி அப்படியே இருந்தது. மேலே தூசி.

அவள் மறுபடி குனிந்தாள். திருகு விசைக்குப் போகும் இரண்டு வயர்களையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். வலது வயர் பெட்டிக்குள் போயிற்று. இடது வயரும் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியின் முதுகில் இரண்டு வெளித்துளைகள். அப்பா இரண்டு வயரையும் அழகாக, பக்கத்தில் பக்கத்தில், அங்கேயே சொருகியிருந்தார்.

ஆக, 'நேர்' என்று ஒன்று அன்றைக்கு இருக்கவே இல்லை. பத்து முறையும் பெட்டிதான். இந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பாட்டு... ஒரே சத்தம். அளவுமானி அன்றைக்கே சொல்லியிருக்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவன்?

விசையைப் பத்து இருபது முறை திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே 'டிக்'. குருட்டாம்போக்கில் பத்துக்குப் பத்து வர வேண்டுமென்றால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம். அந்த ஆயிரத்தில் ஒருவன் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடுகிறவனாக இருப்பானா?

"அப்பா" என்று கூப்பிட்டாள். கேட்கவில்லை. போய்த் தோளைத் தொட்டாள்.

அப்பா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து வயரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு நடுவர் தன் தப்பைத் தானே படம் ஓட்டிப் பார்ப்பது மாதிரி. பிறகு எழுந்து உள்ளே போனார். அன்று ராத்திரி வீட்டில் பாட்டு ஓடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நிலையத்தின் கதவு திறந்தது. அப்பா. பின்னால் அவன்.

"கடைக்குப் போய் நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அப்பா. "நீ எப்படித் தம்பி கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். வாயைத் திறக்க மாட்டேங்கறான். அவனை அப்புறம் பாரு. முதல்ல நான்."

"அப்பா... நிஜமாவா?"

"அவன் எப்படிக் கண்டுபிடிச்சானோ, அது அவன் பாடு. பத்து தடவையும் எனக்கும் வித்தியாசம் கேட்டுதே பாப்பா. தலையாட்டினேனே... நீதான் பார்த்தியே. இல்லாதது கேக்குது. இருக்கறது கேக்குதான்னு பாரு."

அவள் அப்பாவை ஒலி புகாத அறைக்குள் உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டும்போது அவர் காதோரத்து நரை விரலில் பட்டது. வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து ஒலிகளை அனுப்பினாள். கனத்த ஒலிகளுக்கெல்லாம் அப்பாவின் கை சட்டென்று எழுந்தது. ஒலி மெலிந்து உயர உயர... கை தாமதித்தது. சைக்கிள் மணியின் உயரத்துக்கு வந்தபோது எழவேயில்லை. கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, இல்லாத ஒன்றுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

முகத்தில் ஒன்றையும் காட்டாமல் முடித்தாள். வரைபடத்தில் வலது காதின் கோடு மலையிலிருந்து குதித்த மாதிரி இறங்கியிருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். "பாட்டு மங்கல" என்றார்.

"இல்லப்பா. கருவி வச்சா சரியாகும். முழுசா இல்ல... ஆனா மணி கேக்கும்."

"பெட்டியால ஒரு பிரயோஜனமும் இல்லையா?"

"இருக்கே. அதனாலதானே இங்க வந்தீங்க."

அப்பா லேசாகச் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "ஆட்டத்தை ரத்து பண்றேன் தம்பி. நடுவர் தப்பு" என்று சொல்லிவிட்டு, கருவிகளின் மாதிரியைப் பார்க்க அடுத்த அறைக்குப் போனார்.

மீதி இருவர்.

"உட்காருங்க" என்றாள், அறையைக் காட்டி.

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். கதவு மூடியது. அவள் ஒலிகளை அனுப்பினாள். அவன் கையைத் தூக்கினான். கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியத்தை இவன் மட்டும் செய்யவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. சாதாரணக் காது. நல்ல காது, ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற காது. உச்சியில் ஒரு சின்னப் பள்ளம்கூட இருந்தது... வயர் சொருகும்போது சத்தத்தைக் குறைக்க மறக்கிறவர்களுக்கு வருகிற பள்ளம்.

அவள் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு, மைக்கின் பக்கம் குனிந்தாள். அவள் குரல் இப்போது அவன் இரண்டு காதுகளுக்குள் மட்டும் கேட்கும்; அவன் பேசுவது உள்ளே இருந்த மைக் வழியாக அவளுக்கு வரும்.

"ரெண்டு வயரும் ஒரே இடத்துலதான் இருந்துது. அப்பா சொன்னாரா?"

அவன் தலையசைத்தான்.

"அப்ப, அன்னிக்குப் பாட்டுல வித்தியாசமே இல்ல."

"இல்ல. பழகற ரவுண்டுலேயே எனக்குத் தெரிஞ்சுது, என்னால சொல்ல முடியாதுன்னு. எழுந்து உண்மையைச் சொல்லிடலாம்னுதான் நெனச்சேன்... உங்க முன்னாடி தோக்கறதுக்கு மனசு வரல. அது தப்பு. வாசல்ல வச்சுச் சொல்ல வந்தேன். வாய் வரல."

"இதை நான் கேக்கல." குரலை எவ்வளவு சமமாக வைக்க முடியுமோ அவ்வளவு சமமாக வைத்தாள். "என் முகம் உங்களுக்குத் தெரியல. என் கை தெரியல. விசையோட சத்தத்துல வித்தியாசம் இல்ல, நான் பார்த்துட்டேன். ஸ்பீக்கர்லயும் ஒண்ணும் இல்ல. பின்ன, பத்துக்குப் பத்து எப்படிச் சொன்னீங்க?"

விரல் பொத்தானிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து, நேராக, அவள் கண்களைப் பார்த்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே அவனுக்கு அது தெரிய வழியில்லை.

"நான் பாட்டைக் கேக்கவே இல்லீங்க... உங்க மூச்சைத்தான் கேட்டுட்டு இருந்தேன். பெட்டி பக்கம் திருப்பறப்பல்லாம் அப்படியே பிடிச்சுக்குவீங்க... இப்பப் பிடிச்சுட்டிருக்கீங்களே, இதே மாதிரி."